பிங் எகிறினால் முதலில் எங்கே பார்க்க வேண்டும்: டெல்டாவில் ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு

மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுப்பது என் வேலை. ராத்திரி சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடுவது பழக்கம். வடுவூர், நீடாமங்கலம், கூத்தாநல்லூர், வலங்கைமான் பக்கமிருந்து ஆடும் தம்பி தங்கைகள் சேர்ந்த ஒரு கிளானையும் (ஆட்டக் குழு) பார்த்துக்கொள்கிறேன். அதனால் லைன் பிரச்சினையும் என்னிடம்தான் வருகிறது, ஆட்டத்தில் வரும் சண்டையும் என்னிடம்தான் வருகிறது.

இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது ஒன்று. ஆட்டத்தில் வரும் கோபத்தில் பாதி, சம்பந்தமே இல்லாத ஆள் மேல் விழுகிறது. ஜன்னல் இடுக்கில் ஒயர் நசுங்கியிருக்கும், பையன் டீம்மேட்டைத் திட்டிக்கொண்டிருப்பான். போன் சூடாகியிருக்கும், வீட்டில் ரீசார்ஜ் பிளானை மாற்றச் சொல்லி அடம்பிடிப்பான். இப்படித் திட்டியே ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் இதில் பெரும்பகுதி நடக்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெட்டா, போனா?

"லேக் அடிக்குதுண்ணே" என்று எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. எதிரி ஓரிடத்தில் நின்று திடீரென்று வேறிடத்தில் முளைக்கிறான், நீங்கள் சுட்டது படவில்லை, திரையின் மூலையில் இருக்கும் பிங் எண் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லி செகண்டில்) சிவப்பாகிறது என்றால் அது நெட். பிங் 40-லேயே நிற்கிறது, ஆனால் திரையைத் திருப்பினால் விட்டு விட்டு நகர்கிறது என்றால் அது போன்.

போன் என்றால் காரணம் பெரும்பாலும் சூடு. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி ஷீட் கொட்டகையில் உட்கார்ந்து சார்ஜரைக் குத்தியபடியே ஆடினால் எந்தப் போனும் தாங்காது. சூடு ஏறியதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் ஏற்றிவிட்டு, கழற்றிவிட்டு ஆடுங்கள். பின்பக்க கவரை எடுத்துவிடுங்கள். கிராபிக்ஸை 'ஸ்மூத்' வைத்து, ஃப்ரேம் ரேட்டை மட்டும் போன் தாங்கும் அளவுக்கு ஏற்றுங்கள். படம் அழகாக இல்லாவிட்டாலும் கை சொன்னபடி கேட்கும். சரி, போனைப் பற்றி இவ்வளவு போதும்.

மூன்று இடத்தில் பிங் பாருங்கள்

நெட் என்று தெரிந்துவிட்டால், அடுத்து எந்தத் துண்டில் கோளாறு என்று பார்க்க வேண்டும். போனில் பிங் பார்க்கும் இலவச செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் என்றால் கமாண்ட் விண்டோவிலேயே பார்க்கலாம்.

முதலில் உங்கள் மோடத்துக்கே பிங் அடியுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 என்று மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். வைஃபையில் சில மில்லி செகண்டுக்குள் வர வேண்டும். லேன் கேபிளில் 1 அல்லது அதற்கும் கீழே. இதுவே 3, 5, 80, 4, 150 என்று குதித்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கம்பெனியையும் என்னையும் கூப்பிட்டுப் பயனில்லை.

மோடம் வரை சுத்தமாக இருந்தால் அடுத்து 8.8.8.8-க்கு அடியுங்கள். அது கூகுளின் பொது முகவரி. இங்கே எண் குதித்தாலோ, நடுநடுவே பதிலே வராமல் போனாலோ தெருவில் வரும் லைனிலோ கம்பெனி பக்கமோ கோளாறு. இரண்டும் நிதானமாக இருந்து ஆட்டத்துக்குள் மட்டும் எகிறினால் கேம் சர்வரில் பிரச்சினை, அல்லது நீங்கள் தூரத்துச் சர்வரில் இருக்கிறீர்கள். அப்டேட் வந்த அன்று சாயங்காலம் இது சகஜம். அன்றைக்கு ரேங்க் ஆடாமல் விட்டுவிடுவதே நல்லது.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 1000 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி செகண்ட் ஆகும். இதை எந்தப் பிளானாலும் குறைக்க முடியாது. மும்பையில் சர்வர் வைத்திருக்கும் வாலரண்ட் போன்ற விளையாட்டுக்கு நம் ஊரிலிருந்து 30, 40, 50 என்று வந்தால் அது நல்ல லைன். ஐரோப்பிய சர்வரில் போய் நின்றுகொண்டு பிங் நூறைத் தாண்டுகிறது என்று வருத்தப்பட வேண்டாம், தாண்டத்தான் செய்யும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஆட்டம் ஓட 1 எம்பிபிஎஸ் கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. 40 எம்பிபிஎஸ் பிளானை 200 ஆக்கினால் அப்டேட் சீக்கிரம் இறங்கும், பிங் குறையாது. அப்பாவிடம் கேட்டு மாதாமாதம் கூடுதல் பணம் கட்ட வைப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குள் கோளாறு என்றால்

நான் போகிற வீடுகளில் மோடம் இருக்கும் இடம் பீரோவின் தலைமேல், இல்லாவிட்டால் பீரோவுக்குப் பின்னால். இரும்புத் தகடு சிக்னலை மறித்துவிடும். ஓட்டு வீடுகளில் சுவர் இரண்டடி கனம் இருக்கும், முற்றத்தைத் தாண்டி அந்தப் பக்க அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போய்ச் சேராது. ஒரே அறையில் ஆடினால் 5 கிகாஹெர்ட்ஸ் எடுங்கள். சுவர் தாண்ட வேண்டும் என்றால் 2.4 எடுங்கள், ஆனால் கும்பகோணம் மாதிரி வீட்டுக்கு வீடு ஒட்டிய தெருக்களில் அதில் நெரிசல் அதிகம். மோடத்தின் செட்டிங்கில் சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்த்து எது நிதானமாக இருக்கிறதோ அதில் விடுங்கள். கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் யோசிக்கவே வேண்டாம், ஒரு லேன் கேபிள் வாங்கி நேராகக் குத்திவிடுங்கள். அந்தச் செலவில் அந்த அளவு பலன் தரும் பொருள் வேறு இல்லை.

ராத்திரி குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் எகிறினால் வீட்டில் யாராவது எதையாவது மேலே அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அக்கா கல்யாண வீடியோவை சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருப்பார். எல்லோருடைய போனும் வைஃபை கிடைத்ததும் படங்களை கூகுளில் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு நிரம்பினால் உங்கள் ஆட்டத்தின் சின்னச் சின்னத் தகவல்கள் எல்லாம் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். மோடத்தில் 'க்யூஓஎஸ்' (எந்தத் தகவலுக்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுப்பது) வசதி இருந்தால் மொத்த வேகத்தை லைன் வேகத்தில் 85, 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஆடும் நேரத்தில் மட்டும் படங்களைத் தானாக ஏற்றுவதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் சண்டை வேண்டாம், நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தெரு லைன் கோளாறு என்றால்

இது என் பக்கம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டுக்கு வரும் கறுப்பு ஒயருக்குள் இருப்பது 125 மைக்ரான் கண்ணாடி இழை. தலைமுடியை விடக் கொஞ்சம் பருமன், அவ்வளவுதான். அது அறுந்தால் மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும், அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அறுபடாமல் மடங்கினால்தான் தொல்லை. நெட் இருக்கும், யூட்யூப் ஓடும், ஆட்டம் மட்டும் பாழாகும். வடுவூர் பக்கம் ஒரு வீட்டில் தினமும் ராத்திரிதான் பிங் எகிறுகிறது, பகலில் நன்றாக இருக்கிறது என்றார்கள். மோடம் மாற்றியும் தீரவில்லை. போய் உட்கார்ந்து பார்த்தபோது ஒயர் ஜன்னல் கட்டை வழியாக உள்ளே வந்திருந்தது. பொழுது சாய்ந்ததும் கொசுவுக்காக அந்த வீட்டு அம்மா கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார். மைனஸ் 23-ல் இருந்த ஒளி அளவு என் கண் முன்னாலேயே மைனஸ் 29-க்கு இறங்கியது (மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் பெரிதாக ஆக ஒளி குறைவு). சுவரில் ஒரு துளை போட்டு ஒயரை மாற்றி விட்டதும் சரியாகிவிட்டது. அந்தப் பையன் அதுவரை கேம் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

இந்த ஒளி அளவை நீங்களே பார்க்கலாம். பிரவுசரில் மோடத்தின் முகவரியை அடித்து அதன் செட்டிங் பக்கத்துக்குள் போனால் 'ஆப்டிகல்' அல்லது 'பான்' என்ற தலைப்பில் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். மைனஸ் 15-லிருந்து 25 வரை என்றால் நிம்மதியாக இருங்கள். மைனஸ் 27-ஐத் தாண்டினால் கூப்பிடுங்கள். கூப்பிடும்போது "நெட்டு ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் சொன்னால் லைன்மேன் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றுதான் சொல்வார். "ஆர்எக்ஸ் மைனஸ் 29 காட்டுது, நேத்து 22 இருந்துச்சு, மோடம் வரைக்கும் பிங் நல்லா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். நானாக இருந்தால் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினை வண்டியில் கட்டிக்கொண்டுதான் கிளம்புவேன்.

மோடத்தில் குத்தியிருக்கும் பச்சைக் கனெக்டரைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்தாதீர்கள். முனையில் விரல் பட்டாலே அழுக்கு ஒட்டிக்கொண்டு ஒளி குறையும். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத ஒளி.

தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது நம் பக்கம் லைன் அதிகமாக அறுபடும். அறுவடை மெஷின் ஏற்றிய லாரியும் வைக்கோல் லோடும் தெருவுக்குள் வரும்போது தாழ்வாகத் தொங்கும் ஒயரை இழுத்துக்கொண்டு போய்விடும். அணில் கடிப்பதும் உண்டு. உங்கள் வீட்டுக்கு வரும் ஒயர் ரோட்டைத் தாழ்வாகக் கடக்கிறது என்றால் அறுவடைக்கு முன்பே சொல்லி ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள்.

கரண்ட் போனாலும் ஃபைபர் வேலை செய்யும். எங்கள் இடத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில், ஒரு இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. இரண்டு முனையிலும் மின்சாரம் இருந்தால் போதும். மோடத்துக்கென்றே மினி யூபிஎஸ் விற்கிறது. அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் யூபிஎஸ்ஸும் 12 வோல்ட் தர வேண்டும், ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் வரும் தேதியைப் பார்த்து டீம் பிராக்டிஸை வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் மட்டும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள், அந்த மேட்ச் போனால் போகட்டும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பகுதியில் கம்பங்களை நட்டு லைன் இழுக்க எவ்வளவு பாடுபட்டோம் என்பது கூட நின்றவர்களுக்குத் தெரியும். புயல் நேரத்தில் லைன்மேனை ஆட்டத்துக்காகக் கூப்பிடாதீர்கள்.

மைன்கிராஃப்டில் வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வராக்கி நண்பர்களை அழைக்கப் பார்த்து, யாராலும் உள்ளே வர முடியவில்லையா? மோடத்தின் செட்டிங் பக்கத்தில் வெளி முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் பலரோடு பகிரும் முகவரியில் இருக்கிறீர்கள், மோடத்தில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தும் பலன் இல்லை. கம்பெனியிடம் ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத தனி முகவரி) கேளுங்கள், தனிக் கட்டணம் இருக்கும்.

"ஹேக் போடுறான்" என்று சொல்வதற்கு முன்

சுவருக்குப் பின்னால் போய்விட்டேன், அப்புறமும் செத்துவிட்டேன், அவன் ஹேக்கர். எனக்கு வரும் புகாரில் இதுதான் அதிகம். பெரும்பாலான துப்பாக்கி விளையாட்டுகளில் சுடுபவனின் திரையில் அந்த நொடி என்ன தெரிந்ததோ அதற்குச் சர்வர் மதிப்புக் கொடுக்கும். தகவல் போய் வர நேரம் ஆவதால் அவன் திரையில் நீங்கள் இன்னும் வெளியே ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஓடுகிற ஆள் பத்தில் ஒரு நொடியில் அரை மீட்டர் நகர்ந்துவிடுவான். உங்கள் கண்ணுக்குச் சுவருக்குள் போனபின் பட்ட குண்டு, அவன் கண்ணுக்கு வெளியில் இருந்தபோதே பட்டது. இரண்டு பேருமே நேர்மையாக ஆடியிருக்கிறீர்கள்.

நிஜமான ஹேக்கரும் உண்டு. செத்த பிறகு வெளியேறாமல் அவன் ஆடுவதைப் பாருங்கள். பார்க்கவே முடியாத ஆளைச் சுவர் வழியாகவே குறி பின்தொடர்கிறதா, ஒரே நொடியில் தலைக்குத் தலை தாவுகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் ஆட்டத்தில் இருக்கும் ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த மேட்சுக்குப் போங்கள். பேரைப் போட்டு ஊரெல்லாம் பரப்ப வேண்டாம், தப்பாக இருந்தால் ஒரு பிள்ளையின் பேர் கெடும். அவனைப் பழிவாங்க நாமும் ஒரு ஹேக் ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலி ஃபைல்) இறக்குவோம் என்று மட்டும் போகாதீர்கள். ஐடி போவது ஒரு பக்கம், அந்த ஏபிகே உங்கள் போனில் வரும் ஓடிபியைப் படிக்க ஆரம்பித்தால் வீட்டுப் பணமும் போகும்.

மைக்கில் பேசுபவர்கள்

நடுவில் விட்டுவிட்டுப் போகும் டீம்மேட் பற்றி முதலில். போனவன் வீட்டில் அவன் அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டிருப்பார், இல்லை ரேஷன் கடைக்கு அனுப்பியிருப்பார். பிஜிஎம்ஐயின் எராங்கல் மேப்பில் கடைசி வட்டம் வரை போனால் அரை மணி நேரம் ஆகும். தொடங்கும் முன்பே "என்கிட்ட எவ்வளவு நேரம் இருக்கு" என்று ஒவ்வொருவரும் சொல்வது எங்கள் கிளானில் வழக்கம். அம்மாவிடமும் "இதை நடுவுல நிறுத்த முடியாதும்மா, எட்டரைக்கு முடிஞ்சிரும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, எட்டரைக்கு நிஜமாகவே எழுந்து போங்கள். இரண்டு மூன்று நாள் சொன்ன சொல் காப்பாற்றினால் அவர்களே காத்திருப்பார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு பிஜிஎம்ஐ ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் அனுமதிக்கிறது. பிராக்டிஸ் வைக்கும்போது அதையும் கணக்கில் எடுங்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முகம் தெரியாதவர்களோடு ஆடும்போது "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று துருவித் துருவிக் கேட்டுச் சாதியைக் கண்டுபிடிக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்ததும் பேச்சு மாறும். ஒரு பெண் குரல் கேட்டால் போதும், அசிங்கம் தொடங்கிவிடும். எங்கள் கிளானில் நன்றாக ஆடும் தங்கைகள் வெளியாட்கள் இருக்கும் மேட்சில் மைக்கே போடுவதில்லை. இது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. பதிலுக்குத் திட்டாதீர்கள், அவர்களுக்கு வேண்டியது அதுதான். உடனே மியூட் செய்யுங்கள், திரையைப் பதிவு செய்யுங்கள், ரிப்போர்ட் செய்யுங்கள். ஊர், படிக்கும் பள்ளி, போன் நம்பர் எதையும் சொல்லாதீர்கள். யாராவது இன்னொருவரை அப்படிப் பேசினால் கூட இருப்பவர்கள் சும்மா இருக்கக் கூடாது. "இங்க இப்படிப் பேசக் கூடாது" என்று ஒருவர் சொன்னாலும் அந்தப் பிள்ளைக்குத் தெம்பு வரும். எங்கள் கிளானில் சாதியையோ அம்மாவையோ இழுத்துப் பேசினால் எவ்வளவு நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவோம். இதில் இரண்டாம் வாய்ப்பு வைத்துக்கொள்ளவில்லை. கிளான் நடத்தும் மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன்.

தோற்ற மேட்சைப் பற்றி உடனே பேசாமல் அடுத்த நாள் பேசுங்கள்.

ஐடியும் பணமும்

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் தடையானது. அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து காணாமல் போய் 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயரும் 2022 பிப்ரவரியில் தடையானது. ஆட்டத்துக்குள் மட்டும் பழகிய நண்பர்கள் பலர் அப்போது தொலைந்தே போனார்கள். நம்பிக்கையான நண்பர்களின் நம்பரை வெளியிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐடியை உங்கள் சொந்த மெயிலோடு இணைத்து, இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றைக்கே போடுங்கள். 'இலவச யூசி' (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு) என்று வரும் லிங்க் எல்லாம் பாஸ்வேர்டு பிடுங்கத்தான். ஐடியை விலைக்கு வாங்கினால் விற்றவன் பழைய மெயிலை வைத்து எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வான், கேம் கம்பெனியிடம் முறையிடவும் வழியில்லை.

ரூம் மேட்ச் (அழைத்தவர்கள் மட்டும் சேரும் தனி ஆட்டம்) என்று சொல்லி ஆளுக்கு 50 ரூபாய் ஜிபேயில் வாங்கிக்கொண்டு, ஜெயித்தவனுக்குப் பரிசு என்று அழைப்பார்கள். பணம் சேர்ந்ததும் ரூமையே கலைத்துவிட்டு ஓடியவர்கள் உண்டு. பணம் கட்டி ஆடிப் பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமே தடை செய்கிறது. அதனால் இப்படிப்பட்ட அழைப்புக்குப் போகவே வேண்டாம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து மறைக்காதீர்கள். பெரியவர் ஒருவரிடம் சொல்லி, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், பரிவர்த்தனை எண், அழைப்பு வந்த மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நேரம் ஆக ஆக, அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போய்விடும்.